எல்லைகளும் உடன் வரட்டும்

இன்றைய ஜெர்மனியில் உள்ள டூயிஸ்பர்க் நகரில் 1569-ஆம் ஆண்டு ஜெரார்டஸ் மெர்கேட்டர் ஓர் உலக வரைபடத்தை வெளியிட்டார். மாலுமிகளை மனத்தில் வைத்து வரைந்த படம் அது. திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை, உருண்டையான பூமியின் மேல் வளைந்து செல்லும். மெர்கேட்டரின் படத்தில் அது நேர்கோடு. இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே கோடு இழுத்து, வடக்குத் திசைக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையேயுள்ள கோணத்தை அளந்தால் போதும். கப்பலை எந்தப் பக்கம் செலுத்துவது என்று தெரிந்துவிடும்.

இந்த வசதி சும்மா கிடைக்கவில்லை. உருண்டையின் மேல் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவரும். படத்தில் அவை இணைகோடுகளாக நிற்கின்றன. ஆகவே நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக, கிழக்கு மேற்காக எல்லாமே இழுபடுகிறது. இழுபடும் அளவு, அந்த இடத்தின் அட்சரேகைக் கோணத்துடைய சீகண்ட் மடங்கு. 60 பாகையில் அது சரியாக இரண்டு மடங்கு. கோணங்கள் கெடக் கூடாது என்றால் வடக்கு தெற்காகவும் அதே மடங்கு இழுத்தாக வேண்டும். ஆனால் அந்த மடங்கு ஒவ்வோர் அட்சரேகையிலும் வேறு வேறு. எனவே 60-ஆம் பாகைக் கோட்டைப் படத்தில் எவ்வளவு உயரத்தில் வரைவது என்று கேட்டால், 0 முதல் 60 வரை உள்ள சின்னஞ்சிறு துண்டுகள் அத்தனையின் இழுப்பையும் கூட்டித்தான் பதில் சொல்ல முடியும்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எட்வர்ட் ரைட் அதைத்தான் செய்தார். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்து, கலை கலையாகச் சீகண்ட் மதிப்புகளைக் கூட்டிக்கொண்டே போனார். மாலுமிகள் செய்யும் பிழைகளைப் பற்றி 1599-இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த அட்டவணை இடம்பெற்றது. நியூட்டனும் லைப்னிட்ஸும் பிறப்பதற்கு முன்பே கையால் போட்ட வரையறுத்த தொகையீடு அது. கீழ் எல்லை 0. மேல் எல்லை, நமக்கு வேண்டிய அட்சரேகை.

1640-களில் லண்டனில் கப்பலோட்டக் கணிதம் கற்பித்துவந்த ஹென்றி பாண்ட், ரைட்டின் எண்களை வேறோர் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். டேன்ஜெண்ட் மதிப்புகளின் மடக்கை அட்டவணை அது. இரண்டும் அச்சாகப் பொருந்தின. ஏன் பொருந்தின என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1666-இல் நிக்கோலஸ் மெர்கேட்டர் என்ற இன்னொரு கணிதர் (வரைபடக்காரரின் பெயரைத் தாங்கியவர், ஆள் வேறு) இதை நிரூபிப்பது பற்றிப் பந்தயம் கட்டவே தயாரானார். 1668-இல் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கிரிகோரி நிரூபித்தார். 1670-இல் ஐசக் பாரோ இன்னும் தெளிவான நிரூபணத்தைத் தந்தார். கேம்பிரிட்ஜில் தாம் வகித்த பேராசிரியர் பதவியை அதற்கு முந்தைய ஆண்டுதான் நியூட்டனுக்கு விட்டுக்கொடுத்திருந்தார் அவர்.

ரைட்டின் அட்டவணையிலிருந்து பாரோவின் நிரூபணம் வரை எழுபது ஆண்டுகள். இன்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இதை ஐந்தாறு வரிகளில் முடித்துவிடுவார். அவருக்குக் கைகொடுப்பது பிரதியிடல் என்னும் முறை. அந்த முறையில் எல்லைகளுக்கு என்ன வேலை என்பதுதான் இந்த அத்தியாயம். வகுப்பறையில் சார்பை மாற்றுவதற்குக் கிடைக்கும் கவனம் எல்லைகளை மாற்றுவதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் இம்முறையின் பலத்தில் பெரும்பங்கு எல்லைகளில்தான் இருக்கிறது.

மூன்று மாற்றங்கள்

எளிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொகையிட வேண்டிய சார்பு 2எக்ஸ் × (1 + எக்ஸ்²)³. எல்லைகள் 0 முதல் 1 வரை. அதாவது, இந்தச் சார்பின் வளைகோட்டுக்குக் கீழே, எக்ஸ் அச்சில் 0-க்கும் 1-க்கும் நடுவில் அடைபடும் பரப்பு வேண்டும்.

அடைப்புக்குள் இருப்பதற்குப் புதுப்பெயர் வைப்போம்:

யு = 1 + எக்ஸ்²

இதை வகையிட்டால்,

டியு = 2எக்ஸ் டிஎக்ஸ்

கணக்கில் வெளியே நிற்கும் 2எக்ஸும் டிஎக்ஸும் சேர்ந்து அப்படியே டியு ஆகிவிடுகின்றன. மிஞ்சுவது யு³ மட்டும். இனி எல்லைகள். எக்ஸ் 0-ஆக இருக்கும்போது யு 1. எக்ஸ் 1-ஆக இருக்கும்போது யு 2. ஆக, புதிய கணக்கு: யு³ என்ற சார்பை 1 முதல் 2 வரை தொகையிடு. யு³-இன் தொகையீடு யு⁴-இல் கால்பங்கு. மேல் எல்லையில் 16-இல் கால்பங்கு, கீழ் எல்லையில் 1-இல் கால்பங்கு. கழித்தால் 3.75. கணக்கு முடிந்தது.

நம்பிக்கை வராதவர்கள் அடைப்பை விரித்துப் பார்க்கலாம். 2எக்ஸ் + 6எக்ஸ்³ + 6எக்ஸ்⁵ + 2எக்ஸ்⁷ என்று வரும். உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டு 0, 1 என்ற எல்லைகளை இட்டால் 1 + 1.5 + 1 + 0.25. கூட்டினால் அதே 3.75. அடுக்கு மூன்றாக இருந்ததால் விரிக்க முடிந்தது; முப்பதாக இருந்தால் விரிப்பதற்கே ஒரு நாள் போய்விடும். பிரதியிட்டால் அப்போதும் மூன்றே வரி.

இதில் மூன்று பொருள்கள் மாறின: சார்பு, டிஎக்ஸ், எல்லைகள். ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று ஈடாக மாறின. அந்த ஈடு எப்படி அமைகிறது என்பதைப் படமாகப் பார்க்கலாம். எக்ஸ் அச்சை 0 முதல் 1 வரை குறிகள் இட்ட ஒரு ரப்பர் நாடா என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரதியிடல் அந்த நாடாவை இழுத்து, 1 முதல் 2 வரை உள்ள யு அச்சின் மேல் பொருத்துகிறது. இழுப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. எக்ஸ் இருக்கும் இடத்தில் 2எக்ஸ் மடங்கு. எக்ஸ் 0.1 என்ற இடத்தில் 0.2 மடங்கு, அதாவது நாடா அங்கே ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 0.5-இல் நீளம் மாறவில்லை. 1-இல் இரண்டு மடங்காக நீள்கிறது.

பரப்பு மாறாமல் இருக்க, அகலம் சுருங்கிய இடத்தில் உயரம் கூட வேண்டும். அகலம் நீண்ட இடத்தில் உயரம் குறைய வேண்டும். சரிபார்ப்போம். எக்ஸ் 1-இல் பழைய சார்பின் உயரம் 16. புதிய சார்பின் உயரம் 8. அகலம் இரட்டிப்பானதால் உயரம் பாதியாயிற்று. எக்ஸ் 0.1-இல் பழைய உயரம் சுமார் 0.206, புதிய உயரம் சுமார் 1.03. அகலம் ஐந்தில் ஒன்றானதால் உயரம் ஐந்து மடங்காயிற்று. இப்படி ஒவ்வொரு கீற்றும் தன் பரப்பைக் காப்பாற்றிக்கொண்டு புதிய இடத்துக்குப் போகிறது. வடிவம் முற்றிலும் வேறு. மொத்தப் பரப்பு ஒன்றே.

இதைத் தர்க்கமாகச் சொன்னால் சங்கிலி விதியைப் பின்னோக்கி ஓட்டுவதுதான் பிரதியிடல். யு-வைக் கொண்ட ஒரு சார்புக்குத் தொகையீடு கண்டுபிடித்து, அதில் யு-வுக்குப் பதிலாக எக்ஸ் வடிவை இட்டு வகையிட்டால், சங்கிலி விதி அந்த 2எக்ஸைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே எல்லை மதிப்பை எக்ஸில் இட்டாலும், அதற்குரிய யு-வில் இட்டாலும் ஒரே விடைதான் வரும்.

திரும்பி வரத் தேவையில்லை

எல்லையில்லாத தொகையீட்டைப் படித்த பழக்கத்தில் மாணவர்கள் பலரும் ஒரு நீண்ட வழியில் போவார்கள். யு-வுக்கு மாறுவார்கள், தொகையிடுவார்கள், பிறகு யு இருந்த இடமெல்லாம் மறுபடி எக்ஸைக் கொண்டுவந்து, பழைய எல்லைகளை இடுவார்கள். இது தவறில்லை. ஆனால் வரையறுத்த தொகையீட்டுக்கு இந்தத் திரும்பு பயணம் தேவையில்லை. நமக்கு வேண்டியது ஓர் எண். அந்த எண்ணுக்கு எக்ஸும் தெரியாது, யு-வும் தெரியாது.

உண்மையான தவறு இரண்டு வழிக்கும் நடுவில் விழுவது. சார்பை யு-வுக்கு மாற்றிவிட்டு, எல்லைகளை எக்ஸிலேயே விட்டுவிடுவது. மேலே போட்ட கணக்கில் யு³-ஐ 0 முதல் 1 வரை தொகையிட்டால் 0.25 வரும். சரியான விடையில் பதினைந்தில் ஒரு பங்கு. விடைத்தாளில் இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதும் கடினம். ஒவ்வொரு வரியும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும்.

இந்தப் பிழைக்கு நம் குறியீடும் ஒரு காரணம். தொகையீட்டைக் குறிக்கும் ∫ என்ற நீண்ட எழுத்தை லைப்னிட்ஸ் 1675 அக்டோபர் 29-ஆம் தேதி எழுதிய குறிப்பில் முதன்முதலாகப் பயன்படுத்தினார். லத்தீனில் கூட்டுத்தொகையைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து அது. அந்தக் குறியீட்டில் எல்லைகளுக்கு இடமே இல்லை. எல்லைகளை அந்த எழுத்தின் தலையிலும் காலிலும் எழுதும் வழக்கத்தை நிலைநாட்டியவர் ஜோசஃப் ஃபூரியே. வெப்பம் பரவுவது பற்றி 1822-இல் அவர் வெளியிட்ட நூல் அதைப் பரப்பியது. கணித உலகம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அந்த வசதி இல்லாமலே காலம் தள்ளியிருக்கிறது. ஃபூரியேயின் குறியீட்டிலும் ஒரு குறை உண்டு. எல்லையில் வெறும் எண்தான் நிற்கிறது. அது எந்த மாறியின் எண் என்று எழுதப்படுவதில்லை. ‘எக்ஸ் = 0’, ‘யு = 1’ என்று மாறியின் பெயரையும் சேர்த்து எழுதும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழைகள் போய்விடும்.

கப்பல்காரர்களின் கணக்கு

இப்போது ரைட் கூட்டிய தொகைக்கு வருவோம். சீகண்ட் என்பது ஒன்றைக் கொசைனால் வகுத்தது. மேலேயும் கீழேயும் கொசைனால் பெருக்கினால், மேலே கொசைன், கீழே கொசைனின் வர்க்கம். கீழே இருப்பதை 1 − சைன்² என்று எழுதலாம். இப்போது

யு = சைன் தீட்டா

என்று வைத்தால், டியு என்பது கொசைன் தீட்டா டிதீட்டா. மேலே நின்ற கொசைன் அதில் கரைந்துவிடுகிறது. மீதி 1/(1 − யு²). இதை 1/(1 − யு), 1/(1 + யு) ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் பாதியாகப் பிரிக்கலாம். பாரோவின் நிரூபணத்தின் உயிர்நாடி இந்தப் பிரிப்புதான். இரண்டையும் தொகையிட்டால் மடக்கை வருகிறது: (1 + யு)/(1 − யு) என்ற விகிதத்தின் இயல் மடக்கையில் பாதி. பாண்ட் தற்செயலாகக் கண்டது இந்த மடக்கையின் மறுவடிவத்தைத்தான்.

எல்லைகளை மாற்றுவோம். தீட்டா 0 எனில் யு 0. தீட்டா 60 பாகை எனில் யு 0.8660. விகிதம் ஏறத்தாழ 13.93. அதன் இயல் மடக்கையில் பாதி 1.317. இது ஆரையன் அளவில் வந்த விடை, பாகையாக்கினால் 75.5. அதாவது, படத்தில் நிலநடுக்கோட்டின் மேல் 75.5 பாகைக்கு எவ்வளவு நீளமோ, அவ்வளவு உயரத்தில் 60-ஆம் அட்சரேகையை வரைய வேண்டும். சென்னை இருக்கும் 13.08 பாகையை இட்டுப் பாருங்கள்: 13.2 வரும். நம் பக்கத்தில் இழுப்பு கண்ணுக்கே தெரியாது. வடக்கே போனால்தான் தெரியும். ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போலப் பதினான்கு மடங்கு பெரிய நிலப்பரப்பு. மெர்கேட்டர் படத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தோன்றும்.

மேல் எல்லையை 90 பாகைக்குக் கொண்டுபோனால் யு 1-ஐ நெருங்குகிறது. விகிதத்தின் கீழ்ப்பகுதி பூச்சியமாகிறது. உயரம் முடிவிலிக்கு ஓடுகிறது. வட துருவத்தை எவ்வளவு பெரிய மெர்கேட்டர் படத்திலும் காட்ட முடியாததற்குக் காரணம் இதுவே. எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். இணைய வரைபடங்கள் பலவும் சுமார் 85.05 பாகையில் வெட்டுகின்றன. பார்ப்பதற்குக் காரணமில்லாத எண்போல் இருக்கிறது. ஆனால் படத்தின் முழு அகலம் ஆரையன் அளவில் 2 பை. படம் சதுரமாக இருந்தால்தான் அதைச் சிறு சதுரங்களாக நறுக்கிக் கைப்பேசிக்கு அனுப்புவது எளிது. அதற்கு வடக்கே பை உயரமும் தெற்கே பை உயரமும் வேண்டும். மேலே கண்ட தொகையீட்டின் மதிப்பு சரியாகப் பை ஆகும் மேல் எல்லைதான் அந்த 85.05.

சார்பு மாறாமல் எல்லை மட்டும் மாறினால்

சில பிரதியிடல்களில் சார்பு துளியும் மாறாது; எல்லைகள் மட்டும் மாறும். பயனற்ற வேலைபோலத் தோன்றும். ஆனால் மடக்கையின் உண்மையான முகம் அங்கேதான் வெளிப்பட்டது.

1/எக்ஸ் என்ற அதிபரவளையத்தை எடுத்துக்கொள்வோம். 3 முதல் 6 வரை அதன் கீழுள்ள பரப்பு வேண்டும். எக்ஸ் = 3யு என்று பிரதியிடுங்கள். டிஎக்ஸ் = 3டியு. மேலேயும் கீழேயும் உள்ள மூன்றுகள் அடிபட்டு, 1/யு என்ற அதே சார்பு மிஞ்சுகிறது. எல்லைகள் 1 முதல் 2 வரை ஆகின்றன. ஆகவே 3-இலிருந்து 6 வரை உள்ள பரப்பும் 1-இலிருந்து 2 வரை உள்ள பரப்பும் சமம். 50 முதல் 100 வரை எடுத்தாலும் அதே பரப்புதான். எல்லைகளின் விகிதம் மட்டுமே கணக்கில் வருகிறது.

பெல்ஜியத்தின் கிரெகரி தெ சேன்-வேன்சான் என்ற இயேசு சபைத் துறவி 1647-இல் அச்சிட்ட பெரும் நூலில், நுண்கணிதம் எதுவும் இல்லாமலே இந்த உண்மையை வடிவியலால் நிறுவியிருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய மாணவர் அல்ஃபோன்ஸ் அந்தோனியோ தெ சராசா அதன் பொருளைக் கண்டுகொண்டார். 1 முதல் 6 வரை உள்ள பரப்பை 2-இல் வெட்டுங்கள். முதல் துண்டு 1 முதல் 2 வரை. இரண்டாம் துண்டு 2 முதல் 6 வரை. அது 1 முதல் 3 வரை உள்ள பரப்புக்குச் சமம். எனவே 6-க்கான பரப்பு, 2-க்கான பரப்பும் 3-க்கான பரப்பும் சேர்ந்தது. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் இந்தக் குணம் மடக்கைக்கு உரியது. கப்பல்காரர்களுக்கும் வானியலாளர்களுக்கும் அட்டவணையாக மட்டும் இருந்த மடக்கை, ஒரு வளைகோட்டின் கீழே பரப்பாக உட்கார்ந்திருந்தது. எல்லைகளைக் கவனிக்காதவர் கண்ணில் அது பட்டிருக்காது.

ஒரே அட்டவணையில் அடங்கும் உலகம்

தொகையீட்டைக் கண்டுபிடிக்கவே முடியாத சார்புகளும் உண்டு. புள்ளியியல் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த மணி வடிவ வளைகோடு, அதாவது இயல்நிலைப் பரவல், அந்த வகை. ஆப்ரஹாம் தெ மோய்வர் 1733-இல் அதை எட்டினார். அடுக்கு, மடக்கை, திரிகோணமிதி போன்ற பழகிய சார்புகளை எப்படிக் கோத்தாலும் அதன் தொகையீட்டை எழுத முடியாது. எழுத வழியில்லை என்றால் கையால் கணக்கிட்டு அட்டவணை போட வேண்டியதுதான். 1799-இல் கிறிஸ்டியன் கிராம்ப், நட்சத்திர ஒளி வளிமண்டலத்தில் விலகுவதை ஆராயும்போது அப்படியோர் அட்டவணையை வெளியிட்டார்.

ஆனால் இயல்நிலைப் பரவல் ஒன்றா இரண்டா? சராசரியும் திட்ட விலக்கமும் மாறினால் வளைகோடும் மாறும். மதிப்பெண்ணுக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, அரிசி மூட்டையின் எடைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை போட்டால் பூமியில் தாள் போதாது. இங்கே பிரதியிடல் வந்து நிற்கிறது. எக்ஸிலிருந்து சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்ததை இசட் என்று வைக்கிறோம். டிஎக்ஸ் என்பது திட்ட விலக்கம் × டிஇசட் ஆகிறது. சூத்திரத்தின் கீழே ஏற்கெனவே ஒரு திட்ட விலக்கம் நிற்கிறது, இரண்டும் அடிபடுகின்றன. சராசரியும் திட்ட விலக்கமும் சார்பை விட்டு அடியோடு மறைகின்றன. எங்கே போயின? எல்லைகளுக்குள் போய்விட்டன.

ஒரு தேர்வில் சராசரி 60, திட்ட விலக்கம் 12 என்று வைத்துக்கொள்வோம். 60-க்கும் 84-க்கும் நடுவில் மதிப்பெண் பெற்றவர்கள் எத்தனை பங்கு? புதிய எல்லைகள் 0 முதல் 2 வரை. மூட்டைகளின் சராசரி எடை 25 கிலோ, திட்ட விலக்கம் 0.2 கிலோ என்போம். 25 முதல் 25.4 கிலோ வரை உள்ளவை எத்தனை பங்கு? மறுபடியும் 0 முதல் 2 வரை. புள்ளியியல் பாடநூலின் கடைசிப் பக்கத்து அட்டவணை இரண்டு கேள்விக்கும் ஒரே விடையைத் தருகிறது: 0.4772. இங்கே பிரதியிடல் தொகையீட்டைக் கண்டுபிடித்துத் தரவில்லை. எண்ணற்ற கணக்குகளை ஒரே கணக்காக மாற்றித் தந்தது.

எல்லைகள் இடம் மாறும் வித்தை

அமெரிக்க, கனடியக் கல்லூரி மாணவர்களுக்காக ஆண்டுதோறும் நடக்கும் புட்னம் கணிதப் போட்டியில் 1980-ஆம் ஆண்டு ஒரு கேள்வி வந்தது. டேன்ஜெண்ட் எக்ஸை √2 என்ற அடுக்குக்கு உயர்த்தி, அதனோடு 1-ஐக் கூட்டி, அதைக் கொண்டு 1-ஐ வகுக்க வேண்டும். இதை 0 முதல் 90 பாகை வரை, அதாவது 0 முதல் பை/2 வரை தொகையிட வேண்டும். √2 என்ற அடுக்கைப் பார்த்தவுடன் பேனாவைக் கீழே வைக்கத் தோன்றும்.

எக்ஸுக்குப் பதிலாகப் பை/2 − யு என்று இடுங்கள். எக்ஸ் 0 எனில் யு பை/2. எக்ஸ் பை/2 எனில் யு 0. எல்லைகள் தலைகீழாயின. டிஎக்ஸ் என்பது கழித்தல் டியு. அந்தக் கழித்தல் குறி, எல்லைகளை நிமிர்த்தி வைக்கச் செலவாகிவிடுகிறது. டேன்ஜெண்ட் தலைகீழாகிக் கோடேன்ஜெண்ட் ஆகிறது. டேன்ஜெண்டின் அந்த அடுக்கை ‘த’ என்று அழைத்தால், பழைய சார்பு 1/(1 + த). புதிய சார்பு த/(1 + த). இரண்டின் தொகையீடும் ஒரே எண். ஒன்றிலிருந்துதானே மற்றது வந்தது. இரண்டையும் கூட்டினால் சார்பு வெறும் 1. அதை 0 முதல் பை/2 வரை தொகையிட்டால் பை/2. நாம் தேடிய எண் அதில் பாதி: பை/4.

√2-க்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை. அங்கே 7 இருந்தாலும், 1980 இருந்தாலும் விடை ஒன்றுதான். சார்பின் தொகையீட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை, தேடவும் இல்லை. எல்லைகள் ஒன்றோடொன்று இடம் மாறிக்கொண்டதே கணக்கை முடித்துவைத்தது.

சறுக்கும் இடங்கள்

இத்தனை வசதியான கருவி, கவனிக்காமல் விட்டால் பச்சைப் பொய்யையும் நிரூபித்துக் காட்டும். 1/(1 + எக்ஸ்²) என்ற சார்பை −1 முதல் 1 வரை தொகையிடுவோம். யு = 1/எக்ஸ் என்று பிரதியிட்டால், சார்பும் டிஎக்ஸும் சேர்ந்து −1/(1 + யு²) டியு ஆகும். எல்லைகள் −1-உம் 1-உமாக அப்படியே இருக்கும். ஆக, நாம் தேடும் எண் தன் எதிர்மறைக்கே சமம். அந்தக் குணம் உள்ள எண் பூச்சியம் மட்டுமே. ஆனால் சார்போ எங்கும் நேர்மறை. அதன் கீழுள்ள பரப்பு எப்படிப் பூச்சியமாகும்? உண்மையான விடை பை/2.

தவறு எங்கே? எக்ஸ் −1-இலிருந்து 1-க்கு நடந்து போகும் வழியில் 0-ஐக் கடக்கிறது. அங்கே 1/எக்ஸ் உடைகிறது. எல்லைகளின் இரு முனைகளை மட்டும் பார்த்துவிட்டு, நடுவழியைப் பார்க்க மறந்தோம். 0-இல் இரண்டாக வெட்டினால் எல்லாம் சரியாகும். 0 முதல் 1 வரை உள்ள பகுதியில் யு முடிவிலியிலிருந்து 1 வரை இறங்கிவருகிறது. அதனால் இந்த வளைகோட்டுக்குக் கீழே 0 முதல் 1 வரை உள்ள பரப்பும், 1 முதல் முடிவிலி வரை உள்ள பரப்பும் சமம் என்ற அழகான உண்மை கிடைக்கிறது. இரண்டும் பை/4.

இன்னொரு சறுக்கல். எக்ஸ்²-ஐ −1 முதல் 1 வரை தொகையிட, யு = எக்ஸ்² என்று வைப்பவர்கள் உண்டு. புதிய எல்லைகள் 1 முதல் 1 வரை. விடை பூச்சியம் என்று முடித்துவிடுவார்கள். சரியான விடை 2/3. இங்கே எங்கும் எதுவும் உடையவில்லை. ஆனால் டிஎக்ஸை டியு-வாக மாற்ற, எக்ஸ் என்பது √யு என்று எழுத வேண்டிவந்தது. இடது பாதியில் எக்ஸ் எதிர்மறை. அங்கே அது −√யு. ஒரே யு-வுக்கு இரண்டு எக்ஸ் இருக்கும்போது, எந்த எக்ஸைச் சொல்கிறோம் என்பது பாதிக்குப் பாதி மாறுகிறது. நாம் முதலில் போட்ட கணக்கை −1 முதல் 1 வரை நீட்டினால் இந்தச் சிக்கல் வராது. அங்கே 2எக்ஸ் டிஎக்ஸ் முழுதாக டியு-வுக்குள் போய்விடுவதால், எக்ஸைத் தனியே யு-வில் எழுத வேண்டிய தேவையே இல்லை. அதில் எல்லைகள் 2 முதல் 2 வரை ஆகும், விடை பூச்சியம், அது சரியான விடையும்கூட. இடப் பக்கத்து எதிர்மறைப் பரப்பும் வலப் பக்கத்து நேர்மறைப் பரப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன.

ஆகவே பாதுகாப்பான விதி இது: பிரதியீடு நடுவில் எங்கும் உடையாமல், கணக்கில் முழுதாகப் பொருந்தினால் நேராகப் போகலாம். பழைய மாறியைப் புதிய மாறியில் திருப்பி எழுத வேண்டிவந்தால், இடைவெளி முழுவதும் புதிய மாறி ஒரே வழியில் ஏறுகிறதா அல்லது ஒரே வழியில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறி இறங்கினால், திரும்பும் புள்ளியில் வெட்டிக்கொண்டு தனித்தனியாகப் போட வேண்டும்.

வகுப்பில் பிரதியிடலை எக்ஸை அழித்துவிட்டு யு எழுதும் சூத்திர வேலையாகச் சொல்லித் தருகிறோம். அப்படிப் படித்தவருக்கு எல்லைகள் கடைசி வரியில் இடும் எண்கள் மட்டுமே. ஒரு பரப்பை இன்னொரு பரப்பாக மாற்றும் முறை என்று படித்தவருக்கோ, அந்தப் பரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். எனவே அடுத்த முறை யு என்று எழுதியவுடன், சார்பைத் தொடுவதற்கு முன்பு, ஓரத்தில் சிறு பட்டியல் ஒன்று போடுங்கள்: எக்ஸ் இவ்வளவு எனில் யு இவ்வளவு. கீழ் எல்லைக்கு ஒரு வரி, மேல் எல்லைக்கு ஒரு வரி. நடுவில் ஏதாவது உடைகிறதா, திரும்புகிறதா என்று பார்க்க ஒரு வரி. இந்த மூன்று வரி எழுத அரை நிமிடம் போதும். தேர்வில் பறிபோகும் மதிப்பெண்களில் பெரும்பகுதி அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பறிபோகிறது.